குரோமில் சரியாக இருக்கும் தளம் ஐபோனில் தடுமாறுவது ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருக்கிறோம். சீசனில் பெங்களூரு, ஓசூர் வாடிக்கையாளர்கள் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுக்க இணையதளம் ஒன்று உண்டு. ஐபோனில் பார்ப்பவர்கள், டெலிவரி தேதியும் நேரமும் தேர்ந்தெடுத்தால் மொத்தத் தொகை வருவதில்லை என்றும், ஆர்டர் பொத்தான் திரையின் அடியில் மறைந்துவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். ஐபோனிலேயே குரோமை நிறுவிப் பார்த்தும் பயனில்லை. தளத்தைச் செய்து கொடுத்தவரோ தம் கணினியில் குரோமின் மொபைல் தோற்றத்தில் காட்டி, பிழையே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வாடிக்கையாளர்கள் சொல்வதுதான் சரி. கணினியில் உள்ள குரோமின் மொபைல் தோற்றம் திரையின் அளவு போன்ற வெளி அம்சங்களையே மாற்றிக் காட்டுகிறது. பக்கத்தை உருவாக்கும் எஞ்சின் அப்போதும் பிளிங்க்தான். எட்ஜ், ஓப்பரா, சாம்சங் இன்டர்நெட் ஆகியவையும் அதே பிளிங்கில் இயங்குவதால், அவை அனைத்திலும் பார்த்தாலும் ஒன்றில் பார்த்தது போலத்தான். பயர்பாக்ஸின் எஞ்சின் கெக்கோ. ஐபோனுடனேயே வரும் உலாவியான சஃபாரியின் எஞ்சின் வெப்கிட். நம் நாட்டில் ஐபோனில் நிறுவப்படும் குரோமும் ஆப்பிளின் விதிப்படி வெப்கிட்டிலேயே இயங்குகிறது. அதனால்தான் உலாவியை மாற்றியும் பிழை மாறவில்லை.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், தொகை வராததற்குத் தேதி எழுதப்பட்ட விதம் காரணமாக இருக்கக்கூடும். தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே வெற்றிடம் விட்டு எழுதினால் குரோம் புரிந்துகொள்ளும். சஃபாரியின் பழைய பதிப்புகள் அதைச் செல்லாத தேதி என்று தள்ளிவிடும், அதைத் தொடர்ந்து வரும் கணக்கும் நின்றுபோகும். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை உறுதியளிக்கும் வடிவத்தில் அந்த வெற்றிடத்தின் இடத்தில் 'T' என்னும் ஆங்கில எழுத்து வர வேண்டும். குரோம் காட்டும் தாராளத்தை நம்பி எழுதுவது வியாபாரத் தளத்துக்கு ஆகாது. பொத்தான் மறைவதற்குக் காரணம், பக்கத்தின் உயரத்தை '100 விஎச்' (100vh, அதாவது திரையின் முழு உயரம்) என்று வைத்திருப்பதாக இருக்கலாம். ஐபோனில் சஃபாரி, தன் கருவிப்பட்டை சுருங்கியிருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரத்தையே இந்த அளவாகக் கொள்வதால், பட்டை விரிந்திருக்கும் நேரத்தில் பக்கத்தின் அடிப்பகுதி அதன் பின்னால் போய்விடுகிறது. பட்டை விரிவதற்கும் சுருங்குவதற்கும் ஏற்ப மாறும் 'டிவிஎச்' (dvh) அளவை 2022இல் வெளியான சஃபாரி 15.4 முதல் பயன்படுத்தலாம். அதற்கும் முந்தைய போன்களுக்காகப் பழைய அளவை முதல் வரியிலும் புதியதை அடுத்த வரியிலும் எழுதினால், புரியாத உலாவி இரண்டாவதை விட்டுவிடும்.

எல்லா உலாவிகளிலும் தளம் அச்சு மாறாமல் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நிழலும் வளைவும் சற்று மாறினால் ஒரு பெட்டி விற்பனைகூடக் குறையாது. பழத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் பணம் கட்டுவது வரை ஒருவர் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சீசன் தொடங்கும் முன்பே உறவினரிடமோ பக்கத்துக் கடையிலோ ஓர் ஐபோனை இரவல் வாங்கி, முழு ஆர்டர் ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள். தளத்தில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் அப்படிப் பார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.

கேள்வி: ஒகேனக்கல் அருகே விடுதி நடத்துகிறேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் இயங்கும்படி தளத்தைச் செய்யத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், தருமபுரி

பதில்: வேண்டாம். அந்த உலாவிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்று முடித்துக்கொண்டது. அந்தப் பணத்தில் பயர்பாக்ஸிலும் சாம்சங் இன்டர்நெட்டிலும் தளத்தைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். சாம்சங் உலாவியின் இருள் தோற்றம் பக்கத்தின் வண்ணங்களைத் தானே மாற்றக்கூடியது என்பதால், அறை வாடகை எழுதிய இடங்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.