பெண்களுக்குத்தான் எல்லா உரிமையும் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்குப் போராட்டம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்துக்கே இயக்குநராக இருந்திருக்கிறார், மகப்பேறு விடுப்பு 26 வாரமாகிவிட்டது, உள்ளாட்சியில் பாதி இடம் கொடுத்தாயிற்று, இனி என்னதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபமாகக் கேட்டதுபோல் தெரியவில்லை. அதனால் நானும் கோபப்படாமல் எழுதுகிறேன்.

நானும் அதே தென்காசி மாவட்டத்துக்காரிதான். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். 2023 செப்டம்பரில் ஆதித்யா விண்ணுக்குக் கிளம்பியபோது, ஏதோ என் அக்காவே ராக்கெட் விட்டதுபோல் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. பத்தொன்பது வயதில் நான் சென்னைக்கு பஸ் ஏறியது, ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்பதற்கு. வேலை பார்ப்பதற்கு என்று எழுதியிருக்கலாம். நிற்பதற்கு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இனி என்ன வேண்டும் என்றால், உட்கார ஒரு முக்காலி.

காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு பத்து மணிக்கு வெளியே வருவோம். தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயங்களில் பதினொன்றும் ஆகும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். மாடியில் இருக்கும் மெஸ்ஸுக்கு ஏறி இறங்குவதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டும், வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அலமாரியில் சாய்ந்தால் ஐம்பது ரூபாய் அபராதம். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு ஈ காக்கை வராது. அப்போதும் இருபது பெண்கள் வரிசையாக, ஊர்வலத்துக்குக் காத்திருக்கும் பொம்மைகள் மாதிரி நின்றுகொண்டிருப்போம்.

நாங்களும் சில தந்திரங்கள் வைத்திருந்தோம். சுடிதார் பிரிவில் துணி போட்டுப் பார்க்கும் சிறிய அறை ஒன்று உண்டு. ஒருத்தி நான்கைந்து சுடிதார்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். உள்ளே வாடிக்கையாளர் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பது எங்களில் ஒருத்தி. ஆளுக்கு மூன்று நிமிடம், முறை வைத்து. இன்னொரு வழி கழிப்பறை. அதற்கு நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். அடிக்கடி போனால் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்பார் என்பதால் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். சிறுநீரில் எரிச்சல் என்று சொல்லாத பெண் எங்கள் விடுதியில் இல்லை.

இரவு விடுதி அறையில் எட்டுப் பேரும் படுத்துக்கொண்டு கால்களைச் சுவரில் தூக்கி வைத்திருப்போம். கெண்டைக்கால் கடுக்கும். சிலர் பழைய தாவணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். எனக்கு நான்காவது வருடத்தில் நரம்புச் சுருட்டு வந்தது. முழங்காலுக்குப் பின்னால் பச்சைப் புழு நெளிவதுபோல் இருக்கும். இருபத்து மூன்று வயது அப்போது. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது தனிக்கதை, விடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சின்ன வயதில் அப்பாவோடு ஊர் ஜவுளிக்கடைக்குப் போனால், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே நாங்களும் உட்காருவோம். உட்கார்ந்தபடியே ஐம்பது சேலையை விரித்துப் போடுவார். அதை யாரும் மரியாதைக் குறைவு என்று நினைத்ததில்லை. விற்பவர் ஆணாக இருந்தவரை துணி வியாபாரம் உட்கார்ந்து செய்கிற தொழில். மாடி மாடியாகக் கடை வளர்ந்து, குறைந்த சம்பளத்துக்கு எங்களைப் போன்ற பெண்கள் வந்த பிறகுதான், நிற்பது மரியாதையானது. வேறு காரணங்களும் இருக்கலாம். நான் பார்த்தது இதுதான்.

நிற்பதன் கஷ்டம் சட்டத்துக்குத் தெரியாததும் இல்லை. 1899-லேயே இங்கிலாந்தில், மூன்று பெண் விற்பனையாளர்களுக்கு ஒரு இருக்கையாவது வைக்க வேண்டும் என்று கடைகளுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்றது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைக்கு இல்லை. சேலை நெய்கிற ஆலைக்குக் கிடைத்த இருக்கை, அதை விற்கிற இடத்துக்கு வந்து சேர எழுபது வருடம் ஆனது.

அதுவும் தானாக வரவில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி என்ற பெண், கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியைக்கூட அல்ல, கழிப்பறை. பிறகுதான் உட்காரும் உரிமை. 2014-ன் கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடை முன்னால் சில பெண்கள் தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. மலையாளத்தில் அதை 'இரிக்கல் சமரம்' என்றார்கள். உட்காரும் போராட்டம். 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த மாநிலம் தமிழ்நாடு: 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, ஒரே அறையில் இருந்த எட்டுப் பேரில் எண் தெரிந்த ஐந்து பேருக்கு போன் செய்தேன். ஒருத்தி, "நமக்கு ரொம்பப் பிந்தி வந்ததடி" என்றாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டம் பெண்ணுக்கு என்று தனியாகச் சொல்லவில்லை. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை. சட்டைப் பிரிவில் எங்களைப் போலவே நின்ற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். பெண்கள் போராட்டம் ஆண்களிடமிருந்து எதையோ பறிக்கிறது என்று இதே கேள்விக்கு வேறொருவர் பதில் எழுதியிருக்கிறார். அவர் தன் கடைப்பையனிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, சட்டம் வந்துவிட்டதே, அதைத்தானே நானும் சொன்னேன் என்பீர்கள். சட்டம் சொல்வது இது: வேலைக்கு நடுவே உட்காருவதற்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி இருக்கை இருக்க வேண்டும். வாய்ப்பு எப்போது கிடைக்கிறது? அதைத் தீர்மானிப்பவர் யார்? நான் வேலை பார்த்த கடையில் அந்த மேற்பார்வையாளர்தான் தீர்மானித்திருப்பார். அவரிடம் கேட்டால், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மடித்து வைக்கச் சேலை இருக்கிறது, துடைக்க அலமாரி இருக்கிறது, வாய்ப்பு எங்கே இருக்கிறது என்பார். நீங்கள் சொன்ன 26 வார விடுப்பும் அப்படித்தான். 2017 முதல் அது இருக்கிறது. எங்கள் விடுதியில் கர்ப்பமான பெண் ஒருத்தியும் இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையோடு வந்தவளுக்கு வாழ்த்துச் சொல்லி, கணக்கை முடித்துவிடுவார்கள். விடுப்பு கேட்கிற கட்டம் வரைக்கும் யாரும் வேலையில் இருப்பதில்லை.

போன தீபாவளிக்கு நாத்தனாருக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த கடை இல்லை, வேறு ஊர், வேறு கடை. எனக்கு நாற்காலி போட்டார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். முக்காலி இருந்தது! நல்ல எவர்சில்வர் முக்காலி. அதன்மேல் காலி அட்டைப்பெட்டிகள் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சேலை காட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றுகிற விதத்திலேயே தெரிந்துவிட்டது, காலையிலிருந்து உட்காரவில்லை.

"அந்தப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து காட்டம்மா, எனக்கு அவசரம் இல்லை" என்றேன்.

அவள் சிரித்தாள். கண் மட்டும் ஒரு நொடி மேலே, மூலையில் இருந்த கேமராவுக்குப் போய்த் திரும்பியது. "பரவாயில்லை அக்கா, எனக்குப் பழகிவிட்டது. அந்த நீலத்திலேயே பார்டர் பெரிதாக வேண்டுமா?"

வேண்டாம், இதுவே போதும் என்று சொல்லி, முதலில் விரித்த சேலையையே எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நாத்தனாருக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை.