கேள்வி–பதில்: தாத்தாவின் பெட்டியில் விமானக் கடிகாரம்

கேள்வி: தாத்தாவின் இரும்புப் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு, கறுப்பு டயல் போட்ட கடிகாரம் ஒன்று கிடைத்தது. பின்னால் கிரீடம், ‘ஏ.எம்.’, ‘6ஏ/’ என்று தொடங்கும் எண். இரண்டாம் உலகப்போர்க் கால ‘ஸ்பிட்ஃபயர்’ போர்விமானத்துடையது என்கிறார் பழம்பொருள் வியாபாரி. சாவி கொடுத்தும் ஓடவில்லை. முள்ளில் பெயிண்ட் பழுத்து உதிர்கிறது. திறந்து துடைத்துப் புதுப் பெயிண்ட் அடிக்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: கண்ணாடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அந்தக் காலத்து ஒளிரும் பெயிண்டில் கதிர்வீச்சு வெளிவிடும் ரேடியம் இருக்கும். இருட்டில் ஒளிரவில்லை, வீரியம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போனது ஒளி தரும் துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். மணவாளக்குறிச்சி மணலில், இதுபோலவே கதிர்வீச்சு வெளிவிடும் தோரியம் இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அது மோனசைட் என்ற கனிமத்தின் மணிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. இதுவோ மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டும், மூச்சில் ஏறும்; உள்ளே போனால் கால்சியம் போல எலும்பில் தங்கிவிடும். சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ஜிப் பையில் போட்டு, யாரும் படுக்காத, காற்றோட்டமான அறையில் வையுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

‘ஏ.எம்.’ என்பது பிரிட்டனின் ஏர் மினிஸ்ட்ரி. ‘6ஏ’ விமானக் கருவிகளுக்கான அதன் கிடங்குப் பிரிவு. அந்த அமைச்சகம் 1964 வரை இருந்ததால், முத்திரையை மட்டும் வைத்துப் போர்க்காலம் என்று சொல்ல முடியாது. ‘12345/41’ போல வேறொரு எண் இருக்கிறதா பாருங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் ஆண்டு. 39 முதல் 45-க்குள் இருந்தால் போர்க்காலத்தது. ஸ்பிட்ஃபயருக்கு இந்த எண்கள் சாட்சி ஆகாது. ஒரே ரகக் கடிகாரத்தைப் பல விமானங்களில் பொருத்தினார்கள். கழற்றிய விமானம் எது என்று காகிதம் இருந்தாலொழிய அந்தப் பெயருக்கு மதிப்பில்லை.

ஓடாததற்குக் காரணம், பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்திருப்பது. சாவியை மேலும் முறுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால், ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய கம்பியின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓடினாலும் தாறுமாறாக வேகமாகத்தான் ஓடும். ரிப்பேருக்குக் கொடுப்பதானால் ரேடியம் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் வாங்கிய ரஷ்ய விமானக் கடிகாரம். கீழே இரண்டு குமிழ், இடப்பக்கத்தது சிவப்பு. இதுவும் உலகப்போர்க் காலத்ததா?
– வாசகர், குளச்சல்

பதில்: பெரும்பாலும் இல்லை. இது போருக்குப் பிந்தைய ‘ஆ-சே-எஸ் 1’ ரகமாகத் தெரிகிறது. மிக்-21 விமானங்களில் இருந்தது. நம் விமானப்படைக்கு மிக்-21 வந்தது 1963-இல். ஓடவில்லையென்றால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வலக் குமிழைத் திருப்பினால் இயந்திரம் நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள்; எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பின்னால் இருக்கும் மின் இணைப்பு குளிரில் சூடாக்க மட்டும், 27 வோல்ட். வீட்டு மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். பழைய டயல்களில் இதிலும் ரேடியம் உண்டு.