விலை கூடிய இன்-இயர் இயர்போன்: கேள்விகளும் பதில்களும்

நல்ல இன்-இயர், அதாவது காதுக்குழாய்க்குள் செருகும் இயர்போன், வாங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துவிட்டேன். காதில் சரியாக உட்காராத இயர்போன் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதானாலும் அதன் உண்மையான சத்தத்தைத் தராது. அதனால் பல பதில்கள் டிப்பை (முனையில் மாட்டும் மெத்தென்ற மூடி) பற்றியும் காதைப் பற்றியுமே இருக்கும்.

சேலம், கல்லூரி மாணவர்: அண்ணா, 50,000 ரூபாய் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். இளையராஜா, கர்நாடக சங்கீதம், மெட்டல், கானா எல்லாமே கேட்பேன். ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? டிரைவர் எத்தனை இருந்தால் நல்லது?

ஒன்று போதும் தம்பி. டிரைவர் என்பது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர். அதன் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சென்ஹைசரின் ஐஇ 600, ஐஇ 900 இரண்டிலும் 7 மி.மீ. டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர்போல் சவ்வு அதிர்வது) ஒன்றே ஒன்றுதான். ஷூர் எஸ்இ846-ல் நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள் (காதுகேள் கருவிகளில் வரும் இன்னொரு வகைக் குட்டி டிரைவர்). இரண்டு வழியிலும் நல்ல இயர்போன் செய்திருக்கிறார்கள். பத்துக்கு மேல் டிரைவர் வைத்தும் குரலைக் கெடுத்தவர்கள் உண்டு.

நீங்கள் பார்க்க வேண்டியது டியூனிங், அதாவது எந்த ஒலியைக் கூட்டி எதைக் குறைத்துத் தருகிறது என்பது. நம் காதுமடலும் காதுக்குழாயும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கின்றன. இன்-இயர் அந்தக் குழாயை அடைத்துவிடுவதால், அந்த ஏற்றத்தை இயர்போனே திருப்பித் தர வேண்டும். குறைவாகத் தந்தால் பாடுபவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். அதிகமானால் குரல் கத்தும்.

உங்களைப்போல் எல்லாம் கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பேஸ் ஏற்றம் எங்கே முடிகிறது? 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிட்டால் கானாவின் அடியும் மெட்டலின் டபுள் பேஸ் டிரம்மும் நன்றாக இறங்கும், ஆண் குரலும் தெளிவாக நிற்கும். அது 300 ஹெர்ட்ஸ் வரை வழிந்தால் இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரிகள் தடித்துப்போய், அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பலவகை இசைக்கு ஒரே இயர்போன் என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது இரண்டு இயர்போனையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

திருச்சி, வங்கி ஊழியர்: எல்லோரும் புகழ்ந்த இயர்போனை வாங்கினேன். பேஸே இல்லை, சத்தம் தகரம்போல் இருக்கிறது. பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் காதில் காற்று கசிகிறது. டிப்புக்கும் காதுச் சுவருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி அதன் வழியே வெளியேறிவிடும். மேல் ஒலி அப்படியே இருக்கும், அதனால்தான் தகரச் சத்தம்.

இப்படிச் செய்து பாருங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுங்கள். காதுக்குழாய் நேராக ஓடுவதில்லை, இரண்டு வளைவு உண்டு. மடலை இழுத்தால் அது கொஞ்சம் நேராகும். அந்த நேரத்தில் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே வைத்து, மடலை விடுங்கள். சிலிக்கான் டிப்பை நுனியில் துளி ஈரம் செய்துகொண்டால் எளிதாக இறங்கும். கேபிள் காதுக்கு மேலே போய்ப் பின்னால் இறங்கும் மாடலாக இருந்தால் அப்படியே போடுங்கள். சட்டையில் உரசும் சத்தமும் குறையும்.

சரியாக உட்கார்ந்ததா என்று தெரிந்துகொள்ள, போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக வையுங்கள். விரலால் இயர்போனை லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் அந்த உறுமல் கூடினால் கசிவு இருக்கிறது. பேசிப் பாருங்கள்: அடைப்பு சரியாக இருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் கனமாகக் கேட்கும். வாயைத் திறந்து மூடியும் பாருங்கள், தாடை அசைந்தால் குழாயின் வடிவம் மாறும்.

அப்புறம் டிப் அளவு. பெட்டியில் மாட்டி வருவது பெரும்பாலும் நடு அளவு. பெரும்பாலானோர் அதை மாற்றிப் பார்ப்பதே இல்லை. ஒரு அளவு பெரிதையும் ஒரு அளவு சிறிதையும் முயன்று பாருங்கள். சிறியது ஆழமாகப் போய் இறுக்கமாக அடைப்பதும் உண்டு. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று வேறுபடுவது மிகவும் சாதாரணம். இடது மட்டும் அடிக்கடி கழன்று விழுகிறது என்று கேட்ட மூவருக்கும் இதே பதில்தான்.

யாழ்ப்பாணம், ஆசிரியை: அண்ணா, எனக்குக் காது சிறியது. எதைப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் வலி எடுக்கிறது. எனக்கு நல்ல இயர்போன் சரிவராதா?

தாராளமாகச் சரிவரும். வலி எங்கே என்று முதலில் கவனியுங்கள். குழாய்க்குள் வலித்தால் நாசில், அதாவது டிப் மாட்டும் குழல், தடிமனாக இருக்கிறது. வெளியே மடலின் குழிவில் வலித்தால் ஷெல், அதாவது வெளிக்கூடு, பெரிது. இன்றைய பல டிரைவர் மாடல்களில் நாசில் 6 மி.மீ. அளவுக்கு இருக்கிறது. அதன்மேல் டிப்பும் சேர்ந்தால் சிறிய காதுக்கு அதிகம்.

ஷூர், வெஸ்ட்டோன், எட்டிமோட்டிக் ஆகிய மூன்றும் மெல்லிய நாசில் வைப்பவை. எட்டிமோட்டிக் இஆர்4 வெளிவந்தது 1991-ல். காதுகேள் கருவித் துறையிலிருந்து வந்தவர்கள் செய்தது, உள்ளே ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர். இன்றும் அந்த வரிசையின் சத்தத்தை அளவுகோலாகக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்றடுக்கு டிப்புடன் மிக ஆழமாகப் போகும். முதல் வாரம் பழக்கமில்லாத உணர்வு இருக்கும், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதைப் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஷூரின் நாசில் மிக மெல்லியது என்பதால் மற்ற கம்பெனி டிப்புகள் பெரும்பாலும் அதில் நிற்காது. தனியாக டிப் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். மாற்றி மாற்றிப் போட்டும் வலி போகவில்லை என்றால் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மயிலாப்பூர், மிருதங்கம் கற்பவர்: சார், கச்சேரிப் பதிவு கேட்க என்ன மாதிரி சத்தம் வேண்டும்? கடையில் "பேஸ் அதிகம் இருப்பதை எடுங்கள், மிருதங்கம் நன்றாகக் கேட்கும்" என்றார்கள்.

அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தருவது இடப்பக்கத் தொப்பி மட்டும்தான். வலந்தலையில் சோறு வைத்த இடத்திலிருந்து வரும் நாதத்துக்குச் சுருதி உண்டு. அதன் மேல்சுரங்கள் நடுப்பகுதியிலும் அதற்கு மேலும் பரவியிருக்கும். விரல் படும் அந்தக் கண நேர ஒலி இன்னும் மேலே, 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும். பேஸை ஏற்றினால் தொப்பியின் கும்காரம் வீங்கி, தம்புராவின் கீழ்ச் சுருதியையும் பாடுபவரின் மந்திர ஸ்தாயியையும் மூடிவிடும். மாணவராக நீங்கள் கேட்க வேண்டிய சொற்கட்டு அதற்கு அடியில் போய்விடும்.

கேட்டுப் பார்க்கும்போது தனி ஆவர்த்தனத்தில் இறங்காதீர்கள், அது எதிலும் நன்றாகவே இருக்கும். ஆலாபனையின்போது பின்னால் தம்புரா தொடர்ந்து கேட்கிறதா, நான்கு தந்திகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கீச்சிடக் கூடாது. கடமும் மிருதங்கமும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். நாதஸ்வரம் கேட்பவராக இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றம் அதிகமுள்ள இயர்போனில் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியாது. கச்சேரிக்கு நான் நாடுவது சமனான டியூனிங்கும், அடியில் சின்ன ஏற்றமும்தான்.

மதுரை, தையற்கடை நடத்துபவர்: பழைய பாட்டு கேட்டால் "ஸ்ஸ்" என்று இரைச்சல். "ச", "ஷ" வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது.

இரைச்சல் பாட்டிலேயே இருக்கிறது, அது டேப் பதிவின் இயல்பு. ஆனால் குத்துவது 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் பக்கம் உங்கள் இயர்போனும் காதும் சேர்ந்து ஒலியைத் தூக்கிக் கொடுப்பதால். இயர்போனைக் கொஞ்சம் ஆழமாகப் போட்டால் காதுக்குழாய்க்குள் எழும் ஒத்ததிர்வு (ஒலி அங்கே சேர்ந்து பெருகுவது) இன்னும் மேல் அலைவரிசைக்கு நகர்ந்து குத்தல் குறையலாம். ஃபோம் டிப் போட்டாலும் மேல் ஒலி சற்று மெத்தென்று ஆகும். ஃபோம் வியர்வையில் ஊறிச் சில மாதங்களில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

பெங்களூரு, மென்பொருள் பொறியாளர்: தனி டிஏசி, 4.4 மி.மீ. பேலன்ஸ்டு, வெள்ளிக் கேபிள் எல்லாம் வேண்டுமா?

வெள்ளிக் கேபிள் வேண்டாம். மென்மையாக வளையும், சிக்காத, காதில் உறுத்தாத கேபிள் போதும். பேலன்ஸ்டு இணைப்பு (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி மின்பாதை) கூடுதல் மின்திறன் தரும். இன்-இயர்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவு தேவைப்படாது.

டிஏசி என்பது டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான மின்அலையாக மாற்றும் கருவி. அதைச் சின்னதாகப் போனில் செருகும்படி செய்ததுதான் டாங்கிள். அதில் பார்க்க வேண்டியது வெளியீட்டு மின்மறுப்பு, எத்தனை ஓம் என்பது. இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது: 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். பல ஆர்மேச்சர்கள் உள்ள மாடல்களில் ஓம் அளவு அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். அதனால் வெளியீட்டு ஓம் அதிகமானால் டியூனிங்கே மாறிப்போகும். கேம்ப்ஃபயர் ஆடியோ கம்பெனியின் ஆண்ட்ரோமெடா மாடல் இதற்குப் பேர் போனது. ஒரே டைனமிக் டிரைவர் என்றால் இந்தக் கவலை மிகக் குறைவு. ஆப்பிளின் சின்ன டைப்-சி டாங்கிள் சுமார் 1 ஓம்தான், பலருக்கு அதுவே போதும். சில ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் சத்தம் குறைவாக வரும்.

மிச்சமாகும் பணத்தில் இரண்டு மூன்று வகை டிப் வாங்கி வையுங்கள். கேட்கும்போது தெரிகிற மாற்றம் அதில்தான்.

கோவை, ஆராய்ச்சி மாணவி: எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்று அளந்து காட்டும் வரைபடம் பார்த்தே வாங்கலாமா? ஹார்மன் கோட்டோடு ஒத்துப்போனால் நல்லது என்கிறார்களே?

பட்டியலைச் சுருக்க வரைபடம் மிக நல்ல கருவி. ஹார்மன் கோடு பலரைக் கேட்கவைத்து அவர்கள் விரும்பியதிலிருந்து எடுத்தது. அது சராசரி ரசனையைச் சொல்லும், உங்களுடையதைச் சொல்லாது. அந்தக் கோட்டின் பேஸ் எனக்குக் கச்சேரிக்கு அதிகம், மெட்டலுக்குச் சரி. இன்னொன்று, அளப்பது ஒரு செயற்கைக் காதில். 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் தெரியும் கூர்முனை பெரும்பாலும் அந்தக் கருவியின் ஒத்ததிர்வு, இயர்போனை எவ்வளவு ஆழமாகச் செருகினார்கள் என்பதைப் பொறுத்து நகரும். அதற்கு மேலே உங்கள் காதில் எப்படி இருக்கும் என்று எந்த வரைபடமும் சொல்லாது. கீழ்ப்பகுதியை நம்புங்கள், மேல்பகுதியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒன்றிரண்டு டெசிபல் கூடக்குறைய இருந்தால் ஈக்யூவில் (பேஸையும் மேல் ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) சரிசெய்துகொள்ளலாம்.

சிங்கப்பூர், மேடைப் பாடகர்: காது அச்சு எடுத்துச் செய்யும் கஸ்டம் இன்-இயர் எனக்குத் தேவையா?

மேடையில் பாடுபவருக்குத் தேவை என்றே சொல்வேன். அது மேடைக்காகவே வளர்ந்தது: 1995-ல் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்துகொடுத்ததிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. அச்சு எடுப்பதைக் காது ஒலியியல் நிபுணரிடம் மட்டும் செய்யுங்கள். குழாயின் இரண்டாம் வளைவு தாண்டி அச்சு இறங்க வேண்டும். பற்களுக்கிடையே கட்டை வைத்து வாயைத் திறந்தபடி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வாய் திறந்து பாடும்போது அடைப்பு விட்டுப்போகும். வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு கஸ்டம் அவசியமில்லை. பிடிக்காவிட்டால் இன்னொருவருக்கு விற்கவும் முடியாது.

சென்னை, தினமும் மின்சார ரயிலில் போகிறவர்: சத்தத்தை எவ்வளவு வைக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும், அதாவது 83-ல் 20 மணி நேரம். ரயில் இரைச்சலை மீறத்தான் நாம் ஏற்றிக்கொண்டே போகிறோம். காற்றுத் துளை இல்லாத ஆர்மேச்சர் மாடலோ ஃபோம் டிப்போ வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும், குறைந்த ஒலியிலேயே பாட்டு முழுதாகக் கேட்கும். தண்டவாளம் கடக்கும்போதும் சாலையிலும் கழற்றிவிடுங்கள்.

ஈரோடு: பழையது வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

மோனோவில் (இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படி) ஒரு பாட்டு போட்டு, குரல் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் இயர்போனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் கூடவே மாறினால் இயர்போனில் குறை, மாறாவிட்டால் உங்கள் காதிலோ அடைப்பிலோ. நாசில் வலையைக் குறும்பி அடைத்திருந்தாலும் ஒரு பக்கம் சத்தம் குறையும். அதை வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம், ஊசியால் குத்தக் கூடாது. கேபிள் மாட்டும் இடத்தை அசைத்துப் பாருங்கள். எம்எம்சிஎக்ஸ் என்ற கழற்றி மாட்டும் கேபிள் இணைப்பு தேய்ந்திருந்தால் பாட்டு விட்டு விட்டு வரும். டிப்பை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.