கனமான மரமேடை சிக்காமல் நகர என்ன செய்யலாம்?

மரப் பட்டறையில் பலகைகளைச் சேர்த்துச் செய்த மேடை, அடியில் இரண்டு பக்கமும் ரீப்பர் (ஒல்லியான நீள மரக்கட்டை), அது சட்டத்தில் எடுத்த காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) ஓடுகிறது. கிரீஸ் தடவியும் இறுகுகிறது, மழைக்காலத்தில் அசைவதே இல்லை என்கிறீர்கள்.

முதலில் காடியின் பக்கச்சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் முன்மூலையும் மறுபக்கம் பின்மூலையும் பளபளவென்று தேய்ந்திருந்தால், எடை உங்கள் பிரச்சினை இல்லை. இழுக்கும்போது மேடை லேசாகக் கோணி, இரண்டு காடியிலும் குறுக்காகக் கவ்விக்கொள்கிறது. அப்படிக் கவ்விய பிறகு பலமாக இழுக்க இழுக்க இன்னும் இறுகத்தான் செய்யும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் ஊதும் (நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது). காடியில் இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியும் அதோடு போய்விடும்.

அதனால் வழி காட்டும் வேலையை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். மறுபக்கம் எடையைத் தாங்கினால் போதும். பல லேத் மெஷின்களின் (கடைசல் இயந்திரம்) படுகையில் ஒரு தடம் கவிழ்த்த ‘வி’ வடிவத்திலும் இன்னொன்று தட்டையாகவும் இருப்பது இதற்காகத்தான்.

வீட்டில் செய்ய ஸ்லைடிங் கேட் சாமான்களே போதும். ஒரு பக்கம் இரும்பு ஆங்கிளை (‘எல்’ வடிவ இரும்புப் பட்டை) கூரை மாதிரி கவிழ்த்துப் பதித்து, மேடையின் அடியில் ‘வி’ பள்ளமுள்ள கேட் சக்கரம் இரண்டை எவ்வளவு தள்ளித் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டுங்கள். இடைவெளி கூடினால் கோணுவது குறையும். மறுபக்கம் தட்டையான இரும்புப் பட்டை, அதன்மேல் சாதாரண உருளைச் சக்கரம். மரம் ஊதினாலும் அந்தச் சக்கரம் பட்டையின்மேல் சற்றே விலகி ஓடும், அவ்வளவுதான். கவிழ்த்த ஆங்கிளில் மரத்தூளும் தங்காது, இரண்டு பக்கமும் சரிந்து விழுந்துவிடும். கைப்பிடியையும் ‘வி’ தடத்தின் பக்கமாகவே வையுங்கள்.

சக்கரம் வேண்டாம் என்றால் ரீப்பரின் அடியில் மைக்கா ஒட்டி, சட்டத்தில் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். அப்போதும் பக்கச்சுவர் ஒரு காடிக்கு மட்டும்தான். கிரீஸை மட்டும் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடுங்கள். மரப் பட்டறையில் அது தூளைப் பிடித்துக் களிம்பாகிவிடும்.

அப்புறம், சக்கரம் போட்டால் இரண்டு முனையிலும் தடைக்கட்டையும் ஒரு தாழ்ப்பாளும் கட்டாயம். அவ்வளவு எடை சும்மா உருண்டு வந்தால் கையால் நிறுத்த முடியாது.