வேர்ப்புழுவுக்கு நூற்புழு: சில வயல்களில் பலிக்கிறது, சில வயல்களில் ஏன் பலிப்பதில்லை?

கேள்வி: ஐயா, செம்மண் நிலத்தில் நடவுக் கரும்பு. வேரைத் தின்னும் வண்டின் இளம்புழுவான வேர்ப்புழுவுக்காக, அதைக் கொல்லும் ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நுண்ணிய நூற்புழுவை வாங்கிக் காலை 11 மணிக்குக் கைத்தெளிப்பானால் தூர்களில் தெளித்தேன். பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வேர்ப்புழுக்கள் உயிரோடு நெளிகின்றன. சரக்கு போலியா?

பதில்: சரக்கைச் சந்தேகிக்கும் முன் நேரத்தைச் சந்தேகியுங்கள். அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த இளநிலை நூற்புழுக்கள் நேர் வெயிலின் புற ஊதாக் கதிரில் சில நிமிடங்களிலேயே செயலிழந்துவிடும். மண்ணின் மேற்பரப்பு காய்ந்திருந்தால் மிஞ்சியவையும் உள்ளே இறங்க வழியின்றி உலர்ந்து மடியும். முதலில் பாசனம் கொடுத்து, மாலை 5 மணிக்கு மேல் தெளித்து, உடனே மீண்டும் லேசாகத் தண்ணீர் விட்டு, அடுத்த ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெளிப்பான் முனையில் உள்ள நுண்ணிய வடிகட்டியைக் கழற்றினீர்களா? அதில் நூற்புழுக்கள் சிக்கிக்கொள்ளும். அளவு பொதுவாக ஏக்கருக்குச் சுமார் 100 கோடி, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 நூற்புழுக்கள்.

கேள்வி: எங்களுடையது கரிசல். இங்கே எடுபடுமா?

பதில்: மணல் கலந்த இருமண்பாட்டு நிலத்தில் எடுபடும் அளவுக்கு எடுபடாது. களிமண்ணின் நுண்துளைகள் வழியே நூற்புழு ஊர்ந்து செல்வது கடினம். தண்ணீர் தேங்கினால் மூச்சுக்கும் வழியிருக்காது. ஈரம் வேண்டும் என்றால் சேறு வேண்டும் என்று பொருளல்ல.

கேள்வி: அதே மருந்து பக்கத்து வயலில் சின்ன வேர்ப்புழுக்களைக் கொன்றது, என் வயலில் விரல் தடிமன் வேர்ப்புழுக்கள் சாகவில்லை. ஏன்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஏனெனில் பலர் மண்ணையே குறை சொல்லிவிட்டுப் பூச்சியின் தற்காப்பை மறந்துவிடுகிறார்கள். நூற்புழு வாய், ஆசனவாய், மூச்சுத்துளை ஆகியவற்றின் வழியாக நுழைந்து, தன் குடலில் சுமந்து வரும் போட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவைப் பூச்சியின் உடற்குழியில் விட்ட பிறகு, ஒன்றிரண்டு நாளில் பூச்சியைக் கொல்வது பெரும்பாலும் அந்த பாக்டீரியாதான். ஆனால் வேர்ப்புழுவின் மூச்சுத்துளைகளைச் சல்லடை போன்ற தகடு மூடியிருக்கிறது. அடிக்கடி கழிவதால் ஆசனவாய் வழியாகப் புகுந்தவை வெளியேறிவிடுகின்றன. உடலில் ஒட்டுபவற்றைக் கால்களாலும் வாயாலும் தேய்த்து நீக்குகிறது. ஹெட்டிரோராப்டிடிஸுக்குத் தலையில் ஒரு சிறு பல் இருப்பதால், மெல்லிய தோலைக் கீறி உள்ளே புக அதனால் முடியும். வேர்ப்புழு முதிர்ந்து தோல் தடித்தால் அதுவும் சிரமம். ஆகவே கோடை மழைக்குப் பின் வண்டுகள் வெளிவந்து வேப்பமரத்தில் கூடுவதைக் கண்ட நாளைக் குறித்துக்கொண்டு, முட்டை பொரிந்து வேர்ப்புழு இளசாக இருக்கும்போதே நூற்புழுவை விட வேண்டும். ஆவணியில் விழித்துக்கொண்டு விலை கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வெளிநாட்டு ஸ்டெய்னர்நீமா ஃபெல்டியே என்ற நூற்புழுவை வாங்கலாமா?

பதில்: அது குளிர்ந்த மண்ணுக்குப் பழகியது. இண்டிகா நம் மண்ணில் பிறந்தது. கோயம்புத்தூரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1992இல் பெயரிடப்பட்டது. சூடான மண்ணுக்கு அதுவே ஏற்றது.

கேள்வி: மீதியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. வெப்பம் பழகிய இண்டிகாவுக்கு ஃபிரிட்ஜின் 4 டிகிரி ஒத்துக்கொள்ளாது. 15 டிகிரி அளவே அதற்கு ஏற்றது. அந்த வசதி இல்லையென்றால் வாங்கியவுடன் விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: வேலை செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு வாரம் கழித்துத் தூரைச் சுற்றித் தோண்டுங்கள். இண்டிகாவால் இறந்த வேர்ப்புழு செங்கல் நிறமாகியிருக்கும்; தளர்ந்திருந்தாலும் அழுகல் நாற்றம் இராது. கறுத்துக் குழைந்து நாறினால் அது வேறு காரணத்தால் செத்தது. செங்கல் நிறப் புழுவை வெளியே எறிந்துவிடாமல் அதே குழியில் மண்ணால் மூடிவிடுங்கள். சுமார் இரண்டு வாரத்தில் அதிலிருந்து ஆயிரக்கணக்கான புதிய நூற்புழுக்கள் வெளிவரும்.