வாக்களித்தாயிற்று, அப்புறம்?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 23. 2025 மே மாதம் நடந்த சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. சமூக மன்றத்துக்குப் போனால் எல்லாரும் தாத்தா வயதுக்காரர்கள். நண்பர்கள் இன்ஸ்டாகிராமில் கொதிப்பதோடு சரி. "எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது, நீ போய் என்ன கிழிக்கப் போகிறாய்?" என்கிறாள் தோழி. எனக்குத் தமிழில் சரளமாக எழுதவும் வராது (இதை அக்காதான் தட்டச்சு செய்கிறாள்). எங்களுக்கெல்லாம் இடம் இருக்கிறதா?

ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகி,

தாராளமாக இருக்கிறது. தோழி சொல்வதும் பாதி உண்மைதான். இங்கே வாக்களிப்பதே கட்டாயம். தகுந்த காரணமில்லாமல் போகாதவரின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்; மறுபடி சேர்க்க 50 வெள்ளி கட்ட வேண்டும். தொண்டூழியத்தையும் பள்ளியிலேயே மணிக்கணக்குப் போட்டுச் செய்யவைத்தோம். சான்றிதழ் கைக்கு வந்ததும் பிள்ளைகள் நின்றுவிட்டால் யாரைக் குறை சொல்வது?

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். மனு கொடுக்க அல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார. 1955இல் டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய பழக்கம் இது. இன்றும் பல இடங்களில் அடுக்குமாடி புளோக்கின் கீழே நாற்காலி போட்டு நடக்கிறது.

எதிரே ஒரு பாட்டி உட்காருவார். பிளாஸ்டிக் பையில் பழுப்பு உறை; உள்ளே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மத்திய சேம நிதி, மருத்துவமனை என்று எல்லாக் கடிதமும் கலந்து கிடக்கும். மகன் கதையில் ஆரம்பிப்பார். வாடகை பாக்கி விஷயம் மெதுவாகத்தான் வெளியே வரும். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது, அவர்கள் ஏற்கெனவே என்ன பதில் சொன்னார்கள், பாட்டி கேட்பது தள்ளுபடியா தவணையா என்று பிரித்தெடுத்து ஒரே பக்கத்தில் கடிதமாக்குவது உங்கள் வேலை. 'இயலாது' என்றும் பதில் வரும். அதே பதில் நாலு பேருக்கு வந்தால், கோளாறு பாட்டியிடம் இல்லை, விதியில் இருக்கிறது என்று பிடிபடும். அதை உறுப்பினரிடமே கேளுங்கள். நாடாளுமன்றத்தில் எழும் கேள்விகளில் சில இப்படிப்பட்ட மேசைகளிலிருந்து போனவைதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே உதவுபவர்களில் அந்த உறுப்பினரின் கட்சியைச் சேர்ந்தவர்கள் நிறைய இருப்பார்கள். ஹவ்காங், செங்காங் போன்ற எதிர்க்கட்சித் தொகுதிகளிலும் அப்படித்தான். கட்சி வாடையே ஆகாதென்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் விசாரியுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கவும் ஆள் வேண்டும்.

அந்தத் தாத்தாக்களைக் கண்டு மிரள வேண்டாம். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, "பதிந்துகொள்ளுங்கள்" என்று அவர்களுடைய பெற்றோர் தலைமுறையிடம் தமிழ் முரசு நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி பிரசாரமே செய்ய வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் சமூக மன்ற நாற்காலியை லேசில் விடுவார்களா!

தமிழ் எழுத வராதது ஒரு பிரச்சினையே இல்லை. கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகும். பாட்டி பேசுவது புரிந்தால் போதும். எந்தக் கிழமை என்று விசாரித்து, தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்க் கேளுங்கள். முதல் சில வாரம் வரிசை எண் கொடுக்கத்தான் விடுவார்கள்.