காந்த நானோதுகள், மெல்படல சென்சார்: பெங்களூர் வாசகர்களின் கேள்விகள்

கே: துகள்களைச் சென்சார் மேல் விட்டோம். எந்த மாற்றமும் இல்லை. துகள் கெட்டுப்போயிருக்குமா? (அல்சூர்)

ப: வெளியிலிருந்து எவ்வளவு காந்தப்புலம் கொடுத்தீர்கள்? கடிதத்தில் அதைக் காணோம். 10 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு சூப்பர்பாராகாந்த வகை; புலம் இல்லாவிட்டால் சராசரி காந்தத்தன்மை பூஜ்யம்தான். புலத்தைப் படலத்துக்குச் செங்குத்தாக வையுங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலும் 200 ஓர்ஸ்டெட்டில் (காந்தப்புலத்தின் அலகு) மூன்று, மூன்றரை ஓர்ஸ்டெட் படலத் தளத்தில் விழும்; சென்சார் உணர்வதும் அந்தத் தளத்துப் புலத்தைத்தான். துகளின் குரல் அதில் அமுங்கிவிடும். புலம், அதிர்வெண், சென்சார் பரப்பு மூன்றையும் எழுதாமல் இனி கேட்காதீர்கள்.

கே: எங்களிடம் உள்ள ஜிஎம்ஆர் ஸ்பின் வால்வின் (காந்தப்புலத்தால் மின்தடை மாறும் மெல்படல அடுக்கு) மின்தடை மாற்றம் 10%. நடுவே மெல்லிய காப்புப் படலம் உள்ள டிஎம்ஆர் வகையில் 150% என்கிறார் விற்பவர். மாற்றினால் 15 மடங்கு குறைவான துகளைப் பிடிக்கலாம்தானே? (எலக்ட்ரானிக் சிட்டி)

ப: முடியாது. இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, ஆய்வு நிதியும் இதிலேயே கரைகிறது. 2004இல் அந்தக் காப்புப் படலமாக மக்னீசியம் ஆக்சைடு வந்தபின் டிஎம்ஆர் விகிதங்கள் எகிறியது உண்மை. ஆனால் அந்த 150% என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான மொத்த மாற்றம். நமக்கு வேண்டியது ஒரு ஓர்ஸ்டெட்டுக்கு எத்தனை சதவீதம், அதோடு எவ்வளவு இரைச்சல். துகள் ஒட்டுவது நிமிடக்கணக்கில் நடக்கும் மெதுவான வேலை. டிஎம்ஆரின் 1/f இரைச்சல் (அதிர்வெண் குறையக் குறைய ஏறும் இரைச்சல்) தலைதூக்குவதும் அந்தத் தாழ் அதிர்வெண்ணில்தான். இன்னொன்றை விற்பவர் சொல்லியிருக்க மாட்டார். டிஎம்ஆரில் மின்சாரம் படலத்தைக் குறுக்கே கடக்கிறது, அதனால் மேலே ஒரு மின்முனை வேண்டும். அது 100, 200 நானோமீட்டர் தடித்தால் துகள் அவ்வளவு தள்ளிப்போகும். ஒற்றைத் துகளுக்குத் தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்று. டிஎம்ஆரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் இரைச்சல் எத்தனை நானோடெஸ்லா என்று எழுத்தில் கேளுங்கள். தரமறுத்தால் பணத்தை நீட்டாதீர்கள். இரைச்சல் தெரியாத சென்சாருக்கு உணர்திறன் என்று ஒன்று கிடையாது.

கே: இந்திராநகர் லேபில் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடு நகர்கிறது. துகள் ஒட்டுகிறதா?

ப: மெட்ரோ போகிறது! நம்ம மெட்ரோவின் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம். ரயில் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூண்டும் புலத்தைச் சில நூறு ஹெர்ட்ஸில் ஆட்டி, லாக்-இன்னில் (அந்த அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) படியுங்கள். பக்கத்திலேயே துகள் ஒட்டாத வெற்றுச் சென்சார் ஒன்றை வைத்துக் கழியுங்கள். வெற்றுச் சென்சார் இல்லாத வரைபடத்தை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கே: பாட்டிலில் 100 நானோமீட்டர் என்று இருக்கிறது. காந்தக் கணக்குக்கு அதையே போடலாமா?

ப: கூடாது. அது பாலிமரும் சேர்ந்த அளவு. உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சைடு எவ்வளவு என்று பாருங்கள்.

கே: உப்புக் கரைசல் ஊற்றி அரை மணியில் மின்தடை ஏறிக்கொண்டே போகிறது. (யஷ்வந்த்பூர்)

ப: பாதுகாப்புப் படலத்தில் துளை இருக்கிறது, உள்ளே உலோகம் அரிக்கிறது. அந்தச் சிப்பை ஓரம் வையுங்கள். துகளை நெருங்கும் ஆசையில் படலத்தை 30 நானோமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். அடுத்த சிப்பில் துகள் விடும் முன்பு வெறும் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வெற்றுச் சென்சாரையும் சேர்த்துப் பாருங்கள்.